சாமி மாடத்தில் இரண்டு பேனா

நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை வந்த முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. மில் மூடிய பிறகு மூட்டை தூக்கப் போனவர் அப்பா. எதற்கும் கைநாட்டுதான்.

வேலையில்லாத நாளில் உப்பளம் வாய்க்காலில் தூண்டில் போடுவார். அதற்கென்று கடையில் ஒன்றும் வாங்கமாட்டார். அம்மாவின் ஊக்கை நெருப்பில் காட்டி வளைத்தால் தூண்டில் முள். கனத்துக்குப் பழைய சைக்கிள் நட்டு. நான் எழுதித் தீர்த்த நீலப் பேனாவில் ரீஃபிலை உருவிவிட்டு, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்தால், தண்ணீரில் மிதக்கும் தக்கை. மூடியைப் போட்டுவிட்டால் புதுப் பேனாவேதான்.

புதிதாக எது வந்தாலும் அம்மா சாமி மாடத்தில் வைத்துக் குங்குமம் தொட்ட பிறகே எடுக்கவிடுவாள். பரீட்சைக்கு முந்தைய நாள் என் புதுப் பேனாவையும் அப்பாவின் புதுத் தக்கையையும் அருகருகே வைத்தாள். விடியலில் அப்பா ஒன்றை எடுத்துப் போனார். மற்றதை நான் எடுத்துக்கொண்டேன்.

"ஒரு பேனாதானாடி?" என்றாள் பள்ளி வாசலில் தோழி.

"சாமிகிட்ட வெச்சது. இது ஒன்னு போதும்."

கேள்வித்தாள் கைக்கு வந்ததும் மூடியைத் திறந்தேன். முனை இருக்க வேண்டிய இடத்தில் மெழுகு. நகத்தால் சுரண்டினேன்; உள்ளே வெறும் குழாய். கேள்வி தெரிகிறது, விடையும் தெரிகிறது, எழுத ஒன்றுமில்லை. எழுந்து நின்றேன். கண்காணிப்பாளர் வந்து வாங்கிப் பார்த்தார்.

"என்னம்மா இது, மெழுகுவத்தியா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு பேனா தந்தார். அதை வைத்தே எழுதி முடித்தேன்.

வெளியே வந்தால் கேட்டருகே அப்பா. முழங்கால்வரை சேறு, தோளில் மீன் பை.

"எவ்ளோ நேரமா நிக்கிறாரு தெரியுமா? மீன் விக்கிற ஆளுன்னு தொரத்தினேன், போவமாட்றாரு" என்றார் வாட்ச்மேன்.

"தக்கைன்னு கட்டிப் போட்டேன், முழுவிப்போச்சு. அப்பறந்தான் பாத்தேன், உன் பேனா. ஓடியாந்தேன், உள்ள வுடல" என்றார் அப்பா. "எழுதினியாம்மா?"

"எழுதிட்டேம்பா."

"அடுத்த பரீச்சைக்கு இத வெச்சிக்க. நல்லா எழுதுது. நானே எழுதிப் பாத்துட்டேன்."

பேனாவை நீட்டினார். மறு உள்ளங்கை முழுவதும் குறுக்கும் நெடுக்குமாக நீலக் கோடுகள். அப்பா பேனா பிடித்து அதுவரை நான் பார்த்ததில்லை. அந்த மெழுகைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை.