பரீட்சை நேரத்தில் வந்த சேதி

நான் ஐஸ் லாரி ஓட்டிய நாட்களில், ஏரிக்கரையில் இருந்த கோட்டைக்குப்பம் இறால் கொட்டகையில் ஒரு பெண் எடை போட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, ஐஸில் வெளுத்துப்போன விரல்கள். ஒரு காதில் எப்போதும் இயர்போன் இருக்கும். அதில் பி.காம். ஆன்லைன் வகுப்பு ஓடும். மறு காதால் கேட்டு வியாபாரிகளுக்குப் பதில் சொல்வார்.

பரீட்சை நாளிலும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கொட்டகை மூலையில் ஐஸ் பெட்டிமேல் போனை நிறுத்திவைத்து எழுதினார். கேமராவை விட்டு முகம் திரும்பினால் பரீட்சை ரத்து.

பாதியில் ஒருவர் ஓடி வந்து கத்தினார்: "ஏரில படகு கவுந்துடுச்சு! உங்க நைனா போன படகும்மா!"

எல்லோரும் கரைக்கு ஓடினோம். அந்தப் பெண் மட்டும் போனிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

நல்லவேளையாக அந்தப் பெண்ணின் அப்பாவை உயிரோடு மீட்டுவிட்டார்கள். சேதி சொல்ல நான் திரும்பியபோது, அவர் பரீட்சையை முடித்துவிட்டு மறுபடி எடை போட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா நல்லாக்கீறாரும்மா. பரீட்சை போயிடும்னுதான் நீ திரும்பலையா?"

"இன்னா நெனச்சேன்னே தெரியலண்ணா. அந்த ஆளு கத்துனது காதுல வுழுந்துச்சு. அடுத்த கேள்வி வந்துச்சு. பதிலை அமுக்கினேன்."

சொல்லிவிட்டு அடுத்த கூடையைத் தராசில் ஏற்றினார்.

மாலையில் என் லாரியிலேயே அவரை வீட்டில் இறக்கிவிட்டேன். அப்பா வாசலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். இவர் துண்டை எடுத்து, எப்போதோ காய்ந்துவிட்ட அவர் தலையைத் துவட்டத் தொடங்கினார். நான் லாரியைத் திருப்பிக் கிளம்பும்போதும் துவட்டிக்கொண்டே இருந்தார்.