குளிர் அறைக்குள் ஒரு பொத்தான்

என் பெண்டாட்டியின் தம்பியைக் கம்பெனியில் எல்லோரும் கம்பி என்பார்கள். ஆள் அவ்வளவு ஒல்லி. நான் அங்கே அபாய மணிப் பெட்டி மாட்டுகிறவன். ஏணியும் டிரில்லிங் மெஷினும்தான் என் படிப்பு. அவன் வேலை, பெட்டிக்குள் ஓடும் லினக்ஸ் மென்பொருளுக்கு அதில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று எழுதிவைப்பது. அந்த விவரத்தில் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டுக்கு என்ன பெயரோ, அந்தப் பெயருள்ள கோப்பைத்தான் வைஃபையை இயக்கும் டிரைவர் புரோகிராம் தேடி எடுக்கும். அலையை எவ்வளவு பலமாக அனுப்புவது என்பதெல்லாம் அந்தக் கோப்பில் இருக்கிறது. பெயர் தப்பினால் பெட்டி செத்துப்போகாது. ஓடும், குரல்தான் தூரம் போகாது.

குளிர்பதனக் கிடங்குகளுக்குப் பெட்டி கொடுத்தோம். உள்ளே மாட்டிக்கொண்டவன் பொத்தானை அமுக்கினால் காவல் அறையில் மணி அடிக்க வேண்டும். மூன்று கிடங்கிலும் நானே மாட்டினேன். அதன்பிறகு ஒரு நாள், அதே லோடில் பழுதென்று திரும்பி வந்த ஒரு பெட்டியைத் திறந்த கம்பி அப்படியே உட்கார்ந்துவிட்டான். மேல்கூடு பழையதுதான், உள்ளே போர்டு வேறு. கூடு ஒன்றுதானே என்று பழைய போர்டின் பெயரையே எழுதி அனுப்பியிருக்கிறான். டிரைவரும் பழைய கோப்பையே எடுத்துக்கொண்டிருக்கிறது.

முதலாளியிடம் போய்ச் சொன்னான்.

"மணி அடிக்குதா இல்லையா?"

"கதவு திறந்திருந்தா அடிக்கும் சார்."

"அப்புறம் என்ன? பெட்டியைக் கழட்டினா கிடங்குக்காரன் வேற கம்பெனிக்குப் போயிடுவான். வாயை மூடிக்கிட்டு அடுத்த லோடைச் சரியா போடு."

மத்தியானம் என்னிடம் வந்தான். "மாமா, வண்டியை எடுங்க."

"வேலை போயிடும்டா. உங்கக்கா என் தோலை உரிச்சுடுவா."

"எழுதினது நான். மாட்டினது நீங்க. உள்ள போறவன் என்ன பண்ணான்?"

வண்டியை எடுத்தேன்.

முதல் கிடங்கின் மேனேஜர் சிரித்தார். "தினம் சோதிச்சுப் பாக்குறோம்ப்பா."

"கதவைச் சாத்திட்டா?" என்றான் கம்பி.

"சாத்திட்டு உள்ள எவன் நிப்பான்?"

"நான் நிக்கிறேன்."

வெறும் சட்டையோடு உள்ளே போனான். கதவைச் சாத்திவிட்டுக் காவல் அறையில் நின்றோம். மணி அடிக்கவில்லை. "அமுக்கியிருக்க மாட்டான்" என்றார் மேனேஜர். நான் ஓடிப்போய்க் கதவை இழுத்தேன். பொத்தானில் வைத்த கட்டைவிரலை அவன் எடுக்கவேயில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"அடிச்சுதா மாமா?"

தோளைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன்.

சரியான விவரத்தை லேப்டாப்பில் கொண்டுவந்திருப்பதாகவும் இப்போதே ஏற்றித் தருவதாகவும் கம்பி கெஞ்சினான். மேனேஜர் பெட்டியைப் பிடுங்கி எங்கள் வண்டியில் எறிந்தார். முதலாளிக்குப் போனும் போட்டார். சாயங்காலத்துக்குள் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. என் பெண்டாட்டி வீட்டுக் கணக்கு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மற்ற இரண்டு கிடங்குக்காரர்களும் கேட்டையே திறக்கவில்லை. வேலையை விட்டுத் துரத்திய ஆத்திரத்தில் வருகிறோம் என்று முதலாளி முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். இப்போது கம்பி காலையில் அந்த வாசல்களில் போய் நிற்கிறான், மூட்டை தூக்க வருகிறவர்களிடம் சொல்ல. நேற்று நானும் போயிருந்தேன்.

"அந்தப் பொத்தானை நம்பாதீங்கண்ணே. கதவுகிட்ட ஒரு ஆளை நிறுத்திட்டு உள்ள போங்க" என்றான் கம்பி.

"நிறுத்த ஆள் இருந்தா, நாங்க ரெண்டு பேரு எதுக்குடா இத்தனையும் தூக்குறோம்?" என்றார் ஒருவர். குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.