மகனுக்கு வைத்திருந்த இடம்

ரஸ் சபோல் எங்கள் நைல்ஸ் ஊரில் பள்ளி பஸ் ஷெட்டின் மெக்கானிக். நான் அங்கே பஸ் ஓட்டுகிறேன். ரஸ் அதிகம் பேசமாட்டான். மகனைப் பற்றி மட்டும் கேட்டாலும் பேசுவான், கேட்காவிட்டாலும் பேசுவான். எங்கள் ஊரிலிருந்து அமெரிக்கக் கால்பந்தில் பெரிய அணிக்குப் போன ஒரே பையன் டெரிக் சபோல். மேற்குக் கடற்கரையில் ஓர் அணி. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எதிரில் வருகிறவர்களை முட்டிக்கொண்டு ஓடுகிற வேலை. நட்சத்திரமெல்லாம் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஞாயிறுகள்தான் அதிகம்.

ஷெட்டில் பத்துப் பேர் சேர்ந்து ஃபேண்டஸி லீக் நடத்துகிறோம். நிஜ ஆட்டக்காரர்களைப் பங்குபோட்டுக்கொண்டு செல்போனில் ஆளுக்கோர் அணி வைத்திருப்போம். அவர்கள் மைதானத்தில் ஓடினால் இங்கே எங்களுக்குப் புள்ளி ஏறும். லென் பவுலிச்தான் அதை மேற்பார்க்கிற கமிஷனர். ரஸ் வருஷா வருஷம் டெரிக்கை எடுப்பான். போட்டிக்கு யாரும் வரமாட்டார்கள்.

"உன் பிள்ளைய உனக்கே விட்டுக்கொடுத்திருக்கோம்டா. சிக்கனாவது வாங்கிக் கொடு" என்பான் லென். ரஸ் நிஜமாகவே வாங்கிக் கொடுப்பான்.

அந்த ஆகஸ்டில், பயிற்சியின்போது டெரிக்கின் முழங்கால் தசைநார் பிய்ந்துபோனது. ஒவ்வோர் அணியிலும் காயம்பட்டவனை வைக்கத் தனியாக ஓர் இடம் உண்டு. ஐ.ஆர். என்போம். அங்கே போட்டுவிட்டால் அவன் கணக்கில் வராமல் கிடப்பான். அவனுக்குப் பதிலாக இன்னொருவனை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் லீக்கில் அந்த இடம் ஒன்றே ஒன்று. ரஸ் அதில் மகனைப் போட்டான்.

செப்டம்பரில் ரஸ்ஸின் அணியிலேயே நல்ல ஆட்டக்காரன் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. சில வாரத்தில் திரும்பிவிடுவான். யாராக இருந்தாலும் டெரிக்கைக் கழற்றிவிட்டு அவனை ஐ.ஆரில் வைத்திருப்பார்கள். ரஸ் அந்த நல்ல ஆட்டக்காரனையே கழற்றிவிட்டான். லென் ஓடிப்போய் எடுத்துக்கொண்டான்.

"உனக்குப் பைத்தியமா? டெரிக் இந்த வருஷம் ஆடப்போறதில்லன்னு உனக்கே தெரியும்" என்றேன்.

"தெரியும். அதனால?" என்றான், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். ரஸ் தன் மனைவி கேரலின் கொடுத்தனுப்பிய சாண்ட்விச்சைப் பிரித்து வைத்திருந்தான். செல்போன் அதிர்ந்தது. பார்த்தான். என் பக்கம் நீட்டினான்.

"இதுல என்ன போட்டிருக்கு பாரு."

டெரிக் சபோலை அவனுடைய அணி விடுவித்துவிட்டது என்று போட்டிருந்தது. லீக்கில் இருந்த பத்துப் பேருக்கும் போகிற அதே ஒற்றை வரிச் செய்தி.

"தப்பா வந்திருக்கும்" என்றான். மகனுக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. கேரலினைக் கூப்பிட்டான். அவளுக்கும் தெரியாது, அவன் சொல்லித்தான் தெரிந்தது. அவள் அழுதது பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

சாயங்காலம் நான் பஸ்ஸை விட வந்தபோது ரஸ் வாசலில் நின்று மகனோடு பேசிக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்பத் தெரியும்?... போன மாசமேவா? ஏன்டா சொல்லல?"

அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்பதை ரஸ் பிறகு சொன்னான். இரண்டாவது ஆபரேஷனும் சரியாக வரவில்லை. இனி ஓடவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நீங்க லீக்ல என்னை இன்னும் வச்சிருக்கீங்கன்னு அம்மா சொன்னாங்கப்பா. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரல" என்றானாம்.

அணியே இல்லாதவனை ஐ.ஆரில் வைக்க முடியாது. அவனை நீக்கும்வரை வேறு யாரையும் எடுக்க முடியாதபடி செல்போன் பூட்டிவிடும். ரஸ் நீக்கவில்லை. அவன் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டார்கள். அந்த இடங்கள் காலியாகவே கிடந்தன. அந்தந்த வாரம் அவனுக்கு எதிரே வந்தவனெல்லாம் சும்மா ஜெயித்தான். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கடைசியில் லென் ஷெட்டுக்குள் வந்தான்.

"ரஸ், கமிஷனர்ங்கற முறையில நானே அவனை எடுத்துற முடியும். எனக்கு மனசு வரலப்பா. நீயே பண்ணிடு."

"எனக்கு மட்டும் வருமா? நீயே பண்ணு. பண்ணிட்டு எங்கிட்டச் சொல்லாத."

 லென் பஸ் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இருவருமே செய்யவில்லை.

நவம்பர் கடைசியில், நன்றி நாள் விருந்துக்கு டெரிக் வீட்டுக்கு வந்தான். கேரலின் என்னையும் கூப்பிட்டிருந்தாள். ஆள் ஊதியிருந்தான், நாற்காலியில் உட்கார மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. டி.வி.யில் ஆட்டம் ஓடியது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரஸ் வான்கோழியை வெட்டிக்கொண்டிருக்கும்போது டெரிக் கேட்டான்.

"லீக்ல எத்தனாவது இடம்பா?"

"கடைசி."

"போனைக் குடுங்க."

"சாப்பிடு முதல்ல."

"குடுங்கப்பா."

ரஸ் கொடுத்தான். டெரிக் தன் பெயரைத் தேடி அழுத்தினான். நிச்சயமாக நீக்கவா என்று அது கேட்டிருக்க வேண்டும், இன்னொரு தடவை அழுத்தினான். போனைக் குழம்புக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தான்.

"இப்ப யாரையாவது எடுத்துக்கங்க" என்றான்.

ரஸ் எழுந்து கொல்லைப்புறம் போனான். கோட்டுகூடப் போடவில்லை, வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. "போய்க் கூப்பிடு" என்றாள் கேரலின், மகனிடம். அவன் எழுந்திருக்கவில்லை. முடியவில்லையா, மனமில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. நான்தான் போனேன். ரஸ் வேலியைப் பார்த்து நின்றிருந்தான்.

"அவன் பண்ணியிருக்கக் கூடாது. நான்ல பண்ணியிருக்கணும். அவன் கையால பண்ண வச்சுட்டேன்" என்றான்.

அதன்பிறகு அவன் யாரையும் எடுக்கவில்லை. அடுத்த வருஷம் லீக்கிலும் சேரவில்லை. டெரிக் மேற்கே போகாமல் வீட்டின் கீழ்த்தளத்திலேயே தங்கிவிட்டான். மதியம்வரை தூங்குகிறான். ஷெட்டில் டயர் மாற்ற ஆள் வேண்டும், டெரிக் வரட்டுமே என்று ரஸ்ஸிடம் ஒருமுறை சொல்லிப்பார்த்தேன். "அவங்கிட்ட நான் எதையும் கேக்கறதில்லப்பா" என்றான் ரஸ். போன வாரம் கடையில் கேரலினைப் பார்த்தேன். எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தர் மேல இருக்கார், ஒருத்தன் கீழ இருக்கான். சாப்பாட்டை நான்தான் ரெண்டு இடத்துக்கும் கொண்டுபோறேன்" என்றாள்.