நாலு கப்பல் நாள்

டேஷாவின் கறுப்பு உடை சந்துக்கு நடுவே, மூன்றாம் மாடி உயரத்தில், போகவும் மாட்டாமல் வரவும் மாட்டாமல் தொங்கியது. மணி ஒன்றரை. மூன்று மணிக்கு மேட்டுக் கல்லறையில் யெலேயை அடக்கம் செய்கிறார்கள்.

கடலோரப் பழைய ஊரான டுப்ரோவ்னிக்கின் கோட்டைக்குள் துணிக்கொடி ஒரு வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. இந்த ஜன்னலில் ஒரு சக்கரம், எதிர் ஜன்னலில் ஒரு சக்கரம், சுற்றிவர ஒரே கயிறு. எதிர்ச் சக்கரம் இருபத்தெட்டு வருடம் யெலேயுடையது. அவள் வீட்டிலிருந்து கடல் தெரியும். காலைக் காபியோடு எட்டிப் பார்த்து, வந்து நிற்கும் சுற்றுலாக் கப்பல்களை எண்ணி, "டேஷா, இன்னிக்கு நாலுடி! சீக்கிரம் உள்ள இழு!" என்று கத்துவாள். கப்பல் நாளில் சந்து நிறையச் சுற்றுலாக் கூட்டம் வந்துவிடும்; ஒன்பது மணிக்கு மேல் அங்கே யாரும் துணி போட மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்பு யெலே வீட்டை விற்றுவிட்டு ஊருக்கு வெளியே போனாள். இப்போது அது சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் வீடு; மூன்று நாளுக்கு ஒருமுறை ஆள் மாறுகிறது. இன்றைய விருந்தாளி ஏசி போட்டு, கயிற்றோடு சேர்த்து ஜன்னல் கதவைச் சாத்திவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டான். உடையில் பூச்சி உருண்டை வாடை அடித்ததென்று டேஷா பத்து மணிக்கு அதை அலசிப் போட்டிருந்தாள். கப்பலைப் பற்றிய நினைப்பே அவளுக்கு வரவில்லை.

வீட்டைக் கவனிக்கும் பெண்ணுக்கு ஆறு முறை போன் செய்த பிறகுதான் எடுத்தாள். "அவர் அஞ்சு மணிக்குத்தான் வருவாராம். நான் வேற ஊர்ல இருக்கேன், என்ன செய்யட்டும்?"

"அஞ்சு மணிக்கு எனக்கு எதுக்கு?" என்று டேஷா போனைக் கட்டிலில் எறிந்தாள்.

அவள் கணவன் வ்லாஹோ துடைப்பக் கட்டையை நீட்டிப் பார்த்தான். எட்டவில்லை. "அந்த நீலத்தைப் போட்டுக்கிட்டுப் போயேன்."

"யெலேவுக்கு நீலமா? உன் சாவுக்கு வேணா போட்டுக்கறேன்."

கீழே ஒரு கூட்டம் வந்து நின்றது. பதினேழு என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி அந்துன் எதையோ விளக்க, முப்பது கைபேசிகள் மேலே திரும்பின.

"டேஷாக்கா, இன்னிக்குப் போயா காயப்போட்டே? எடுத்துடாதே, என் ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு!"

"யெலேயோட அடக்கத்துக்குப் போட வேண்டிய துணிடா அது!"

அந்துன் அட்டையைத் தாழ்த்தினான்.

டேஷா உள்ளே போய் மீன் வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். "அது அவ கயிறு," என்றான் வ்லாஹோ. "எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே வெட்டினாள். உடை ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர் தலையில் விழுந்தது. கூட்டம் கை தட்டியது. வ்லாஹோ கீழே ஓடி அதை எடுத்து வந்தான்.

ஈரம் காயாத அந்த உடையைப் போட்டுக்கொண்டு அவள் இறங்கி வந்தபோது மணி இரண்டே கால். மேற்கு வாசலில் வெளியே போகும் வரிசை அசையவே இல்லை. "இங்க குடியிருக்கறவ நான்," என்றாள் காவலாளியிடம். "எல்லாரும் வரிசையிலதான் வராங்கம்மா. குழுவா வந்தா மட்டும் இந்தப் பக்கம்," என்றான், பக்கத்துக் கயிற்றுத் தடுப்பைக் காட்டி.

பின்னாலிருந்து அந்துன் அட்டையை உயர்த்தினான். "பதினேழு! எல்லாரும் என் பின்னாடி வாங்க! அக்கா, நீயும்தான்." வாசலைத் தாண்டும் வரை டேஷா தலையைத் தூக்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊரைவிட்டு ஒரு எண்ணுக்குப் பின்னால் வெளியேறினாள்.

பேருந்துகள் நகரவில்லை. மேடு ஏறி நடந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது குழியைக் கல்லால் மூடியாகிவிட்டது. பாதிரியார் காரில் ஏறிக்கொண்டிருந்தார். யெலேயின் மகள் பாவே மட்டும் பூக்களை நேராக வைத்துக்கொண்டிருந்தாள்.

டேஷாவுக்கு மூச்சு வாங்கியது. பாவே எழுந்து வந்து, அவள் தோளில் இன்னும் கவ்விக்கொண்டிருந்த துணி கிளிப்பைக் கழற்றினாள்.

"இன்னிக்கு எத்தனை கப்பல், அத்தை?"

"நாலு," என்றாள் டேஷா. "எவளும் சொல்லல."