கண்ணாடி அறையில் கறிவேப்பிலை

மகன் பின்வளவில் கூரை போட்டு, பிரம்புக் கதிரைகள் வைத்து, மேலே ஒரு ஹீட்டரும் கொழுவியிருக்கிறான். நவம்பர்க் குளிரில் வெளியே இருந்து கோப்பி குடிப்பதற்காம். உள்ளே இவ்வளவு இடம் இருக்க, தொப்பியும் ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு வெளியே போயிருந்து நடுங்குவதுதான் இப்போது நாகரிகம். விடுங்கோ. நான் என்பாட்டில் கறிவேப்பிலைச் சாடியைக் குளிருக்கு முன் உள்ளே தூக்கி வைத்தேன். கையில் அந்த மணம் ஒட்டிக்கொண்டது. அந்த மணம் வந்தால் எனக்கு அன்றைய நாள் சரிவராது.

லண்டனுக்கு வந்த புதிதில் மிச்சம் என்ற பகுதியில் பாலன் அண்ணை வீட்டு மேலறையில் வாடகைக்கு இருந்தேன். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது கறிவேப்பிலைக் கன்றைக் காரின் முன்சீற்றில் வைத்து பெல்ட்டும் போட்டு, மனைவியைப் பின்னால் இருத்திக் கொண்டுவந்தாராம். பின்னால் இருந்து வந்த வசந்தியக்காவே சிரித்துச் சிரித்துச் சொன்ன கதை. நானும் சிரித்தேன், மடையன்.

வீட்டின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை. பனிக்காலத்தில் வெயில் என்று ஏதாவது விழுந்தால் அங்கேதான் விழும். கன்று அங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். அண்ணை இலையை வெதுவெதுப்பான தண்ணீரால் துடைப்பார். கறிக்கு ஒரு நெட்டு இலை ஆய்வதென்றாலும் அவர்தான் ஆயவேண்டும். லீவு நாட்களில் அக்கா அதற்குப் பக்கத்தில் கதிரை போட்டு, காலை நீட்டி, ஊர்க் கடிதங்களை வாசித்துக்கொண்டிருப்பா. அந்த வீட்டில் அக்காவுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான்.

மீன் பொரிப்பதும் அங்கேதான். எங்கள் ஆட்கள் குசினிக்குள் பொரிக்கமாட்டார்கள். கோட்டில் மணம் ஏறினால் பஸ்ஸில் பக்கத்து சீற்றுக்காரர் எழும்பிப் போய்விடுவார் என்ற பயம். ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து சூடைமீன் பொரித்தேன். இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். மணம் போகட்டும் என்று அந்த அறையின் பின்கதவை அகலத் திறந்துவிட்டு, சோற்றுக்கோப்பையோடு மேலே போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டேன். வெளியே ஸ்னோ கொட்டிக்கொண்டிருந்தது. பின்னேரம் திடுக்கிட்டு எழும்பி ஓடிவந்து கதவைச் சாத்தினேன். சாடி மண் ஐஸாகக் குளிர்ந்து கிடந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் இலையெல்லாம் கறுத்துக் கொட்டியது. இரவுச் சாப்பாட்டில் அண்ணை அக்காவைப் பார்த்துக் கேட்டார்:

“துடக்கோட தொட்டனியோ?”

மாதவிலக்கு நாளில் பெண் தொட்டால் கன்று கருகிவிடும் என்பதைக் கடல் தாண்டியும் பத்திரமாகக் கொண்டுவந்த கூட்டம் நாங்கள்.

“தண்ணி மட்டும்தானப்பா ஊத்தினனான். நீங்கள்தானே ஊத்தச் சொன்னனீங்கள்.”

“அறிவில்லையோ உனக்கு? பிள்ளை மாதிரி வளர்த்தனான்!”

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அக்கா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னை ஒருதரம் பார்த்தா. எனக்கு அப்போது விசாவும் இல்லை, போக வேறு இடமும் இல்லை. ‘நான்தான் அண்ணை, கதவைத் திறந்து விட்டிட்டன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? நான் இன்னும் கொஞ்சம் சொதி விட்டுச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை அண்ணை புதுக் கன்று ஒன்று வாங்கிவந்து, கண்ணாடி அறைக்குப் பூட்டும் போட்டார். எனக்கு மீன் பொரிக்கத் திறப்புத் தந்தார். அக்காவுக்குத் தரவில்லை. பிறகு வந்த பனிக்காலமெல்லாம் அக்கா குசினி லைற்றுக்குக் கீழே நின்றபடி கடிதம் வாசித்தா. விசா கிடைத்ததும் நான் அங்கிருந்து மாறிவிட்டேன். ‘போய்ச் சொல்லவேணும், சொல்லவேணும்’ என்று வருடக்கணக்காக நினைத்தேன். நினைத்ததோடு சரி.

போன மாசி மாதம் அண்ணை செத்துப்போனார். கிழக்கு லண்டனில் செத்தவீடு. சனம் விலகிய நேரம் பார்த்து அக்காவுக்குப் பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கதவு, ஸ்னோ, மீன், எல்லாம். அக்கா அழவில்லை. என்னில் கோபப்படவுமில்லை.

“அதை ஏன் தம்பி எனக்குச் சொல்றீர்? நான் செய்யேல்லை எண்டது எனக்குத் தெரியும்தானே. அவருக்கல்லோ சொல்லியிருக்கவேணும்.”

பெட்டியை அப்போதுதான் மூடியிருந்தார்கள்.