ஸ்பிரிட் கேஸில் பிடிபட்ட தவளைகள்

1. ஒற்றை வரி ரிப்போர்ட்

திருவனந்தபுரத்து லேபிலிருந்து வந்த ரிப்போர்ட்டில் ஒரே வரிதான் இருந்தது. நான் அனுப்பிய தவளைத் தசைகள் எதிலிருந்தும் பயன்படுத்தத்தக்க டிஎன்ஏ கிடைக்கவில்லை. அதன் கீழே, வருத்தத்துடன் என்று ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார். அவருக்கு என்ன வருத்தம்? பிஎச்டி என்னுடையது.

தொண்ணூறுகளின் கடைசி அது. கேரளத்தின் தமிழ்நாட்டு எல்லையில், பாறசாலைப் பக்கம் ஒரு மிஷன் கல்லூரியில் விலங்கியல் துறையில் தற்காலிக டீச்சராக இருந்தேன். ஒற்றசேகரமங்கலத்துக்கு அப்பால், மலையடி ஓடை ஒன்றில் வாழ்ந்த சிறு தவளைதான் என் ஆராய்ச்சி. பார்வைக்கு நம் வயல் தவளை மாதிரியே இருக்கும். அது வேறு இனம் என்பது என் கட்சி. காலையும் மூக்கையும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதினேன். டிஎன்ஏ பார்த்தீர்களா என்று கைடு கேட்டார். அந்தக் காலத்தில் அது புது மோஸ்தர், கேட்காவிட்டால் அவருக்கு மதிப்பு இல்லை.

புதிதாகத் தவளை பிடிக்கலாம் என்றால், ஓடை இருந்த இடத்தில் ரப்பர் நட்டிருந்தார்கள். மிஞ்சியவை கல்லூரி மியூசியத்து ஜாடிகளில் கிடந்த பழைய தவளைகள் மட்டும். லேபுக்கு நான் அனுப்பியதும் அவற்றின் தசைதான். என் பதிவுக் காலம் அந்த வருஷத்தோடு முடிகிறது. பட்டம் வந்தால் நிரந்தர வேலை எனக்கு. வராவிட்டால் நிர்வாகக் கமிட்டிக்காரர் ஒருவரின் மருமகள் பயோடேட்டாவை டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தாள். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாமனார் மேல் நிறையவே இருந்தது.

2. அழகான ஜாடிகள்

எங்கள் மியூசியத்தைப் பார்த்தவர்கள் பாராட்டாமல் போனதில்லை. கண்ணாடி அலமாரியில், ஜன்னல் வெயில் படும்படி, விறைப்பாக உட்கார்ந்திருக்கும் தவளைகள். எல்லாம் ஃபார்மலின் திரவத்தில். ஒன்றுகூட அழுகவில்லை, ஒரு விரல்கூட உதிரவில்லை.

சிக்கலே அங்கேதான். ஃபார்மலின் தசையின் புரதத்தையும் டிஎன்ஏவையும் ஒன்றோடு ஒன்று பிணைத்து இறுக்கிவிடும். சுவருக்குள் ஒயர் ஓட்டி மேலே சிமெண்ட் பூசிய பிறகு ஒயரை உருவிப் பார்த்திருக்கிறீர்களா? அந்தக் கதைதான். போதாக்குறைக்கு, வருஷக்கணக்காக மாற்றாமல் வைத்த ஃபார்மலின் புளித்து அமிலமாகி, உள்ளே இருக்கிற டிஎன்ஏவைத் துண்டு துண்டாக நறுக்கும். டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனைக்கு ஓரளவாவது நீளமான துண்டு வேண்டும். எங்களிடம் இருந்தது பொடி. ஸ்பிரிட், அதாவது எரிசாராயம், அப்படியில்லை. தசையிலுள்ள தண்ணீரை இழுத்துவிட்டு, டிஎன்ஏவைத் தின்னும் என்சைம்களை முடக்கிப்போடும். ஆள் கொஞ்சம் சுருங்கிப்போவான், நிறம் வெளிறும், ஆனால் உள்ளே இருப்பது கெடாது.

லேப் அட்டெண்டர் தங்கப்பன் அண்ணனிடம் கேட்டேன். "அண்ணா, இங்க எப்பவும் ஃபார்மலின்தானா?"

"இல்ல டீச்சரே. முன்ன எல்லாம் ஸ்பிரிட்டாக்கும். அந்தக் கேஸுக்குப் பெறவுதான் மாத்தினது."

"எந்தக் கேஸு?"

அண்ணன் கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். நான் வேலைக்கு வருவதற்கு முன்னால், பழைய புரொஃபசர் அதே ஓடைக்குப் போய்த் தவளை பிடித்து, இரண்டு பெரிய ஜாடிகளில் ஸ்பிரிட் ஊற்றிப் போட்டுக்கொண்டு ஜீப்பில் திரும்பியிருக்கிறார். அண்ணனும் கூட இருந்திருக்கிறார். நெடுஞ்சாலையில் ஒரு சோதனைச் சாவடியில் எக்சைஸ் என்ற கலால் துறைக்காரர்கள் ஜீப்பை மறித்தார்கள். கல்லூரிக்கு ஸ்பிரிட் பெர்மிட் உண்டு. ஆனால் அது லேபில் வைத்துக்கொள்ள, ரோட்டில் கொண்டு திரிய இல்லை.

"ஸ்பிரிட்டு எப்பவும் தமிழ்நாட்டுல இருந்துதான் இங்கோட்டு வரும். நாங்க அங்கோட்டு போறோம். அதுதான் அவியளுக்குச் சந்தேகம்" என்றார் அண்ணன். "தவளைய காட்டினோம். 'ஓஹோ, தவளைய போட்டு மறைச்சிருக்கியளா?'ன்னு கேட்டானுவ. பின்ன என்ன செய்ய?"

ஜாடிகள் பறிமுதல். கல்லூரி மேல் ஸ்பிரிட் கேஸ். எங்கள் பிரின்சிபால் பழைய மிஷன் சபையின் மூப்பர், மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். ஞாயிற்றுக்கிழமை சபையில் அவர் தலை நிமிரவில்லையாம். மறுநாள் லேபிலிருந்த ஸ்பிரிட் முழுவதையும், சபைப் பெரியவர்கள் சாட்சியாக, மைதானத்தில் ஊற்றச் சொன்னார். மியூசியத்து ஜாடிகள் அனைத்தும் ஃபார்மலினுக்கு மாறின. பெர்மிட்டையும் அவர் புதுப்பிக்கவில்லை. எங்கள் ஸ்பிரிட் எப்போதுமே கொஞ்சம் வேகமாக ஆவியாகும் ஜாதி. அதனால் அன்று ஊற்ற அதிகம் இருக்கவில்லை என்று அண்ணன் வெகு அப்பாவியாகச் சொன்னார்.

ஆக, என் தவளைகளைக் கொன்றது புரொஃபசர். இரண்டாம் முறை கொன்றது மதுவிலக்கு.

சட்டென்று கேட்டேன். "அண்ணா, பிடிச்ச ஜாடி என்ன ஆச்சு?"

"கேஸு இன்னும் முடியல்ல இல்லியா. எக்சைஸ் ஸ்டோரில கெடக்கும்."

3. குற்றவாளியா, சாட்சியா

அந்தத் தவளைகளைக் கேட்டுக் கோர்ட்டுக்குப் போடும் விண்ணப்பத்தில் பிரின்சிபால் கையெழுத்து வேண்டும். அவர் அறைக்குள் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அந்த மானக்கேட்ட மறுபடியும் தோண்டணுமா மோளே?"

"சார், நம்ம ஃபார்மலின் ஜாடியில ஒண்ணும் மிச்சமில்ல. அவிய பிடிச்சு வச்சதுலதான் உண்டு."

"நாம ஒழுங்கா வச்சது கெட்டுப்போச்சு. அவனுவ கள்ளக் கேஸுல பிடிச்சது நல்லா இருக்குன்னா சொல்லுதே?"

"ஆமா சார்."

இப்படி ஒரு அநியாயத்தைக் கர்த்தர் எப்படி அனுமதித்தார் என்பதுபோல் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர். அதை நான் எங்கேயும் சொல்வேன்.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் மனுவை இரண்டு முறை வாசித்தார். இந்த வழக்கில் தவளை குற்றவாளியா, சாட்சியா என்று மலையாளத்தில் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் உத்தரவு வந்தது: தவளைகளைக் கொடுக்கலாம். ஸ்பிரிட்தான் வழக்கின் ஆதாரம் என்பதால் அதில் ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது.

தங்கப்பன் அண்ணனும் நானும் எக்சைஸ் ஸ்டோருக்குப் போனோம். வெளிச்சமே படாத உள்ளறை. ஜாடிகளின் வாயைச் சுற்றி அரக்கு வைத்து சீல் அடித்திருந்தார்கள். அத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஸ்பிரிட் கழுத்துவரை நின்றது. இருட்டு, காற்றுப்புகாத மூடி, நல்ல ஸ்பிரிட். எந்த மியூசியமும் இவ்வளவு சரியாகச் செய்திருக்காது.

ஸ்டோர் காவலாளி சுகுமாரன் பெருமையாகச் சொன்னார். "இந்த அறையில பல கேன்ல சரக்கு தானா குறயும் டீச்சரே. இதுல மட்டும் தொட்டதில்ல. தவளை கெடந்தா எவன் தொடுவான்?"

ஸ்பிரிட் தவளையைக் காத்தது, தவளை ஸ்பிரிட்டைக் காத்தது. நான் அந்த மனிதரைக் கும்பிடாத குறை.

அவர் ஒரு பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தார். "டீச்சர் வாறது தெரிஞ்சு ஆஸ்பத்திரியில சொல்லி வாங்கி வச்சதாக்கும். ஸ்பிரிட்டு தர முடியாது. இதுல போட்டு கொண்டு போங்கோ, கெடாது."

ஃபார்மலின். ஜாடியின் அரக்கை உடைத்து மூடியைத் திறந்து, கிடுக்கியில் முதல் தவளையைத் தூக்கியும்விட்டார்.

"தொடாதேயும்!" என்று நான் போட்ட சத்தத்தில் வெளியே இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பாவம், உபகாரம் செய்ய வந்தவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு மன்னிப்புக் கேட்கக்கூட நேரமில்லை. ஸ்பிரிட் இல்லாமல், பங்குனி வெயிலில், பஸ் பிடித்து லேபுக்குப் போகவேண்டும். தண்ணீர் பட்டால் தசை மறுபடி ஊறி அழுக ஆரம்பிக்கும்.

"அண்ணா, எதிர்த்த கடையில கல்லுப்பு வாங்கிட்டு வாங்க. நெறய."

உப்பும் தண்ணீரை இழுக்கும், என்சைமை அடக்கும், டிஎன்ஏவைச் சிறைப்பிடிக்காது. வராந்தாவில் உட்கார்ந்து ஒவ்வொரு தவளைக்கும் தொடைத்தசையை வெட்டிக் குப்பிகளில் உப்போடு அடைத்தேன். மீதி உடம்புகளையும் உப்பில் பொதிந்தோம். சுற்றிலும் சின்னக் கூட்டம் கூடிவிட்டது.

"எலே, கருவாடு போடுதாவளாடே?" என்று ஒருவன் கேட்டான்.

"ஆமா மக்கா, பிஎச்டி கருவாடு" என்றார் அண்ணன்.

4. லிட்டர் கணக்கு

இரண்டாவது ரிப்போர்ட்டோடு ஜெல் படமும் வந்தது. கறுப்புப் பின்னணியில் வெள்ளை வெளேரென்று, வரிசை வரிசையாகப் பட்டைகள், ஒவ்வொன்றும் டிஎன்ஏ. லேபின் நடுவில் நின்று அழுதேன், வெட்கப்படவில்லை. வயல் தவளையின் டிஎன்ஏவோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், மலையடித் தவளை வேறு இனம்தான். பட்டம் வந்தது, வேலையும் வந்தது. மருமகள் பயோடேட்டா வேறு கல்லூரிக்குப் போனது.

இப்போது லேபுக்கு வரும் பிள்ளைகள் ஃப்ரீசரைத் திறந்து மூடுகிறார்கள், அவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. ஆனாலும் ஒன்று சொல்வேன். ஒரு பொருளைக் கெடாமல் வைக்கிறேன் என்று யார் வந்தாலும், எதற்காக வைக்கிறாய் என்று முதலில் கேளுங்கள். பார்க்க வைப்பது வேறு, பரிசோதிக்க வைப்பது வேறு. கண்ணுக்கு நன்றாக இருக்கிறதே என்று நம்பினால் நான் பட்ட பாடுதான்.

வேலை உத்தரவை வாங்கிய அன்று, பிரின்சிபால் மேஜையில் இன்னொரு தாளை வைத்தேன். ஸ்பிரிட் பெர்மிட்டுக்கான விண்ணப்பம். வாழ்த்திக்கொண்டிருந்தவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது இல்லாம நடக்காதா மோளே?"

"நடக்காது சார். இனி வாற பிள்ளைகளுக்கு நாம வைக்கிற ஜாடியில ஏதாவது கிடைக்கணும் இல்லியா?"

பேனாவைத் திறந்தார்.

"கர்த்தர் மன்னிக்கட்டும். எத்தன லிட்டர்?"

சொன்னேன். பாதிதான் எழுதினார்.