இரண்டு இறக்கையிலும் நம்பர்

இந்த வளைகுடா நாட்டில் யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. நான் ஒருவன்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமையிலிருந்து நானும் நிறுத்திவிட்டேன். தெரியாத நம்பரிலிருந்து போன் அடித்தால் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். ஊரில் இருந்துகொண்டு இதைப் படித்துச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். நானும் அப்படிச் சிரித்தவன்தான்.

எனக்கு ஏசி மாட்டுகிற வேலை. பெட்டிக்குள் வரும் தெர்மாகோல் என் கண்ணுக்கு இறக்கையாகத்தான் தெரியும். எட்டாம் வகுப்பு தாண்டாத மூளை. பழைய மோட்டார், ரிமோட் எல்லாம் சேர்த்து இங்கே ஒரு விமானம் செய்தேன். எங்கள் ஊர் திரேஸ்புரத்தில் பெயரும் நம்பரும் எழுதாமல் யாரும் வள்ளத்தைக் கடலில் இறக்கமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் இடது இறக்கையில் அம்மாவின் நம்பரையும், வலது இறக்கையில் என்னுடைய இந்த நாட்டு நம்பரையும் பெயின்டால் எழுதினேன்.

ஊரில் இருந்தபோது செய்த விமானம் ஒருமுறை யாருடைய வள்ளத்திலோ போய் விழுந்தது. அன்றே போன் வந்தது: "ஏலே, ஒன் கொக்கு எங்க வலைய கிழிச்சிட்டு. வந்து தூக்கிட்டுப் போ, வரும்போது டீயும் வாங்கிட்டு வா." துறைமுகத்துப் பக்கம் பறக்கவிடக் கூடாது என்று அங்கேயும் சட்டம் உண்டு. போலீஸ்காரர் ஒருவர் "கீழ எறக்குலே" என்றார். இறக்கினேன். அவ்வளவுதான்.

அறையில் என்னோடு இருக்கும் காயல்பட்டினத்து ஹசன் காக்கா (அவர்கள் ஊரில் அண்ணன் என்றால் காக்கா) நான் இங்கே இதைச் செய்யும்போதே சொன்னார்: "தம்பி, இங்க பொம்மைய பறக்கவிடவும் அனுமதி வேணும். புடிச்சா ஜெயிலு. அப்புறம் ஊருக்கு டிக்கெட்டு."

"டிக்கெட்டு ஃப்ரீயா காக்கா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் காலி மணலில் பறக்கவிட்டேன். காற்று அதைக் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. வேலியில் விமானப் படம், அதன் மேல் சிவப்புக் கோடு. நான் எதிர்த்திசையில் ஓடினேன். வீட்டில் சம்பாதிக்கிறவன் நான் ஒருவன்தான் என்பது ஓடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

முந்தாநாள் அம்மா கூப்பிட்டாள். "ஏய்யா, ஒரு மலையாளத்துக்காரரு வாட்ஸப்புல பேசுனாரு. ஒன் ஏரோப்பிளேன் கெடச்சிட்டாம். கேம்பு பேரு, ரூம் நம்பரு எல்லாம் சொல்லிட்டேன்."

"யம்மா, ஏன் சொன்ன?"

"பொருளத் தாரேங்கிறவருகிட்ட அட்ரஸ மறைக்கச் சொல்லுதியா?"

நேற்று சாயங்காலம் யூனிஃபார்மில் ஒருவர் வந்தார். நான் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டேன். காக்கா கதவைத் தட்டினார்: "வெளிய வாங்க விமானி. போலீசு இல்ல, வேலிக்கு அங்குட்டு வாட்ச்மேனு."

அம்மாவிடம் பேசிய மலையாளத்துக்காரர் அவர்தான். சாக்கிலிருந்து இடது இறக்கையை எடுத்து நீட்டினார். "மோனே, இது ஒண்ணே கிட்டியுள்ளூ. மத்தது போலீசு கொண்டு போயி." டீ குடிக்கக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அம்மா நம்பர் எழுதிய இறக்கை என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. என் நம்பர் எழுதியது எந்த மேசையில் கிடக்கிறதோ. சிம்மைக் கழற்றி எறியச் சொல்கிறார் காக்கா. எறிந்தால் கம்பெனி கூப்பிட முடியாது, வேலை போகும். வைத்திருந்தால் நானே போவேன். துணியில் பாதியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். மீதிப் பாதியைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன், நாளைய டியூட்டிக்கு.